எக்ஸ்ரே ஓரத்தில் ஒரு சுண்டுவிரல்

என் அக்காவின் வலது கைச் சுண்டுவிரல் கோணலானதற்கு நான்தான் காரணம். அப்போது எனக்கு நான்கு வயது, அவளுக்குப் பதினைந்து. கதவிடுக்கில் அவள் கை இருந்ததைப் பார்க்காமல் கதவை அறைந்து சாத்தினேன். அவள் அலறியதைவிட நான்தான் அதிகம் அலறினேன் என்று அம்மா இன்றும் சொல்வாள். உடைந்த ஸ்கேல் துண்டு ஒன்றை வைத்துத் துணியால் கட்டினார்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. நடுக் கணுவுக்கு மேலே அந்த விரல் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும், மற்ற விரல்களோடு கோபித்துக்கொண்ட மாதிரி.

அந்த விரலைத்தான் எட்டு நாட்களாக நான் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன்.

அக்காவுக்கு இப்போது முப்பத்துநான்கு வயது. ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் ஒன்பது வருடமாக உதவியாளர். சக்கர நாற்காலி தள்ளுவது, கால் உடைந்தவர்களை மேஜைமேல் தூக்கிக் கிடத்துவது, கவுன் மாட்டிவிடுவது, கழற்றிய சங்கிலியையும் தோட்டையும் ஒரு தட்டில் வாங்கி, அவர்கள் வெளியே வரும்போது எண்ணிப் பார்த்து ஒப்படைப்பது, எல்லாம் அவள் வேலை. ஒன்பது வருடத்தில் ஒரு தோடு தொலைந்ததில்லை. "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்பது அவள் வாயில் ஊறிப்போன வாசகம். வீட்டில் யாராவது ஊசியில் நூல் கோத்தால்கூட அதைச் சொல்வாள். மாமா, அதாவது அவள் கணவர், பார்சல் வேன் ஓட்டுகிறார். "என்னைக்காவது 'விடுங்க'ன்னு சொல்ல மறந்துடப் போறா, நான் அப்படியே போய்ச் சேந்துடுவேன்" என்பார்.

கைக்குழந்தைகளை எக்ஸ்ரேவுக்குப் பிடித்துக்கொள்வதும் அவள்தான். குழந்தை அசைந்தால் படம் கலங்கிவிடும். பெற்றவர்கள் பிடித்தால் குழந்தை அழுவதற்குள் அவர்கள் அழுதுவிடுகிறார்கள் என்று வெளியே நிறுத்திவிடுவார்கள். குழந்தையின் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, தலை சாயாமல் அழுத்திப் பிடிக்க ஆஸ்பத்திரியில் அக்காவைப்போல் யாருக்கும் வராது. எங்கள் வீட்டில் அது ஒரு பெருமையாகவே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது தண்ணீர் ஜாடிக்கு அடியில் ஒரு கடித உறை இருந்தது.

"எனக்கு சீட்டு கிடைச்சிருக்கு" என்றாள் அக்கா.

"எந்த பஸ்ல?" என்றார் மாமா.

"ரேடியோகிராஃபி டிப்ளமோ. எக்ஸ்ரே எடுக்கற படிப்பு. ரெண்டு வருஷம், பகல் வகுப்பு. வேலையை விடணும். சேர்றேனா இல்லையான்னு திங்கட்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "உனக்கா? நீ ஏற்கெனவே ஒண்ணு படிச்சுட்டியே."

"அவளுக்கு இல்லம்மா. எனக்கு."

மாமாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. "எப்ப விண்ணப்பம் போட்டே?"

"நாலு மாசம் ஆச்சு."

"பரீட்சை கிரீட்சை ஒண்ணும் இல்லையா?"

"எழுதினேனே. அன்னைக்கு உங்க அத்தை வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்."

"அடிப்பாவி! வந்த பொண்ண வரவே இல்லைன்னு சொல்றீங்களான்னு எங்க அத்தைகிட்ட நான் சண்டை போட்டு, ரெண்டு மாசமா பேச்சுவார்த்தை இல்லடி!"

அம்மாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "பன்னிரண்டாவது முடிச்சு பதினேழு வருஷம் ஆச்சு உனக்கு" என்று மட்டும் சொன்னாள். எங்கள் வீட்டில் இப்படி ஒரு காரியத்தை யாரும் யாருக்கும் தெரியாமல் செய்ததில்லை. பாத்திரம் வாங்கினால்கூட நான்கு பேர் கூடிப் பேசுவோம்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்ன பட்டதாரி, நீ சொல்லு. படிச்சவ நீதானே?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வரலாறு படித்தேன். அதனால் மின்சாரக் கட்டணத்தில் குளறுபடி வந்தாலும், மாத்திரை அட்டையில் எழுத்து பொடியாக இருந்தாலும், "படிச்சவ சொல்லட்டும்" என்று என்னிடம் வந்துவிடும். அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா யோசிச்சு முடிவு பண்ணுக்கா."

படுத்த பிறகு அந்த வாக்கியத்தை நினைத்து எனக்கே கூசியது. அது பதிலே இல்லை. என் பட்டம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். அதே ஆஸ்பத்திரியின் ஆவண அறையில், அவளே சொல்லி வாங்கிக் கொடுத்த மூன்று மாத ஒப்பந்த வேலை. படிப்பு உதவும் என்று சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று பயந்தேனா? அல்லது வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி மட்டுமாகவே இருக்க வேண்டும் என்று எனக்குள் ஏதாவது ஒன்று ஆசைப்பட்டதா? இன்னும் தெரியவில்லை.

என் வேலை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்புவரை அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்கள் பிலிமில்தான் எடுக்கப்பட்டன. அந்தப் பழைய பிலிம்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றியவற்றைக் கட்டுக்கட்டாகக் கட்டி மூலையில் அடுக்க வேண்டும். பிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கும் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். ஆவண அறையின் பொறுப்பாளரை எல்லோரும் ரெக்கார்டு அம்மா என்பார்கள். முதல் நாளே அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எனக்குச் சொல்லித் தந்தார்.

"ஓரத்தை வெட்டிடணும். சில படத்துல ஓரத்துல கை கிய் எல்லாம் வந்திருக்கும். அது வேண்டாம். நோயாளி மட்டும் இருந்தா போதும்."

வெட்டினேன். திரையில் ஒரு கட்டம் வரும், அதன் நான்கு முனைகளையும் இழுத்துச் சரிசெய்து ஒரு பொத்தானைத் தட்டினால் வெளியே இருப்பது போய்விடும். கைக்குழந்தைகளின் மார்புப் படங்களில் மேல் ஓரத்தில்தான் கைகள் வந்திருந்தன. குழந்தையின் எலும்புகள் மீன் முள்போல மெலிசாக இருக்கும். அவற்றுக்கு மேலே பெரிய ஆளின் விரலெலும்புகள் தடிமனாக, வெள்ளையாகத் தெரியும். நான் அவற்றை விரல்கள் என்றுகூட நினைக்கவில்லை. வெட்ட வேண்டியவை, அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை, ஒரு குழந்தையின் படம் வந்தது. கட்டத்தை இழுத்துக்கொண்டு போன என் கை பாதியில் நின்றது. மேல் ஓரத்தில் ஒரு வலது கை. சுண்டுவிரல் நடுக் கணுவுக்கு மேலே திரும்பி, வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. எலும்பு உடைந்து தன் இஷ்டத்துக்குக் கூடிய இடத்தில் ஒரு சின்ன முடிச்சு.

அந்தக் கதவின் சத்தம் எனக்குக் கேட்டது. பொய் சொல்லவில்லை, கேட்டது.

எழுந்துபோய் மூலையிலிருந்த கட்டுகளைப் பிரித்தேன். குழந்தைகளின் படங்களை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே விரல். அடுத்ததில் அதே விரல். ஒன்றில் பாதி, ஒன்றில் அந்த முடிச்சு மட்டும், ஒன்றில் கை முழுவதும் மணிக்கட்டு வரை. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி, ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. நூற்றுமுப்பத்தேழு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை. உடைந்த அன்று ஒரு முறைகூட எக்ஸ்ரே காணாத விரல், அதற்குப் பிறகு இத்தனை முறை கதிருக்குள் இருந்திருக்கிறது.

படிகளில் இறங்கி ஓடினேன். எக்ஸ்ரே அறைக் கதவின்மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அணைகிற வரை நின்றேன். கதவு திறந்து அக்கா ஒரு குழந்தையோடு வந்தாள். அதை அதன் அம்மாவிடம் கொடுத்து, "சமத்து! உங்களைவிட இவன் தைரியசாலி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"அக்கா, உன் விரல். படத்துல எல்லாம் உன் விரல் இருக்கு."

"ஓ, அதுவா?" அவள் சிரித்தாள். "எனக்குத் தெரியாதா? டெக்னீஷியன் சார் தினம் கேலி பண்ணுவாரே, 'என்னம்மா, இன்னைக்கும் கையெழுத்துப் போட்டுட்டியா'ன்னு."

அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஒன்பது வருடம் ஒரு கேலியாக அது அந்த அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

திறந்த கதவின் வழியே டெக்னீஷியன் தெரிந்தார். ஐம்பது வயது மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் ஒரு சின்னச் சதுர பேட்ஜ் குத்தியிருந்தது. உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று அளக்கிற பேட்ஜ் அது.

"உன்னோடது எங்க?" என்றேன்.

"எனக்கு எதுக்கு? அது எடுக்கற ஆளுக்கு. நான் தள்ளற ஆளு."

"அவர் தடுப்புக்குப் பின்னால நிக்கறாரு. நீதானேக்கா உள்ள நிக்கறே?"

"அதான் அவருக்கு ஒவ்வொரு தடவையும் சைபர்னே வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சொல்லி முடித்ததும் நின்றுவிட்டாள். தான் சொன்னதை அப்போதுதான் அவளே கேட்டாள் போலிருந்தது. பிறகு, "ஈய அங்கி போட்டுக்கறேன்டி" என்றாள். "கையுறையும் இருக்கு. அதைப் போட்டா குழந்தையோட கை நழுவுது, எவ்வளவு அழுத்தறோம்னே தெரியாது. அதான் விட்டுட்டேன். போ, போய் உன் வேலையைப் பாரு."

மேலே போனேன். அதற்குப் பிறகு ஓர் ஓரத்தைக்கூட வெட்டவில்லை. சாயங்காலம் ரெக்கார்டு அம்மா என் திரையை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கை அப்படியே இருக்கு?"

"எங்க அக்கா கை மேடம்."

அவர் பிலிமை வாங்கி ஜன்னல் பக்கம் போய் நெடுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, மறுபடி முழுதாக ஸ்கேன் செய்வதற்காக, கட்டிவைத்திருந்த கட்டுகளில் ஒன்றை அவரே பிரிக்க ஆரம்பித்தார்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா எதிலும் ஒரு கேலி கண்டுபிடிப்பவர். அன்று அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிக்குதா?" என்று கேட்டார்.

"இப்ப நீங்க முறுக்கறதுதான் வலிக்குது" என்றாள் அவள்.

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அன்னைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்கலாம்னு இத்தனை வருஷம் நெனச்சுட்டு இருந்தேனே" என்றாள்.

"நீ படிக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "முதல்ல அந்த ரூமை விட்டு வெளிய வா. வேற வார்டு கேளு."

"செவ்வாய்க்கிழமை யோசிச்சுக்கோன்னு சொன்னே. இன்னைக்கு வேண்டாம்னு சொல்றே. படிச்சவங்க எல்லாரும் இப்படித்தானா?"

எனக்குச் சுருக்கென்றது.

"நான் யோசிக்கறது வேற" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "பதினெட்டு வயசுப் புள்ளைங்களுக்கு நடுவுல போய் உக்காரணும். அதுகூடப் பரவாயில்ல. ஒன்பது வருஷமா அந்த ரூம்லதான் இருக்கேன். எந்த எலும்புக்கு எப்படிப் படுக்க வைக்கணும், எந்த இருமலுக்கு எப்படி நிக்க வைக்கணும், எல்லாம் தெரியும். புதுசா வர்ற டெக்னீஷியன் என்னைத்தான் கேப்பான். தெரிஞ்சதுக்கு ஒரு காகிதம் வாங்க ரெண்டு வருஷம் வேலையை விட்டுட்டுப் போகணுமா? அதுதான் எனக்குப் புரியல. வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம்னுதான் பாதி மனசு."

மாமா கையை என்ன செய்வது என்று தெரியாமல், கடிதத்தோடு வந்திருந்த கல்லூரிக் கையேட்டைப் புரட்டினார். படிப்பைப் பற்றி நான்கு பக்கம், இடையிடையே படங்கள்.

"இந்தக் கொழந்தையப் பாரேன்" என்றார். "பாட்டில்ல போட்டு மூடி வச்ச மாதிரி."

ஒரு குழந்தை சின்ன சைக்கிள் இருக்கைபோன்ற ஒன்றில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிபோலத் தெளிந்த, வளைந்த பிளாஸ்டிக் தகடுகள் அதன் உடம்பை அணைத்துப் பிடித்திருந்தன. கைகள் தலைக்கு மேலே தூக்கியிருந்தன. பக்கத்தில் ஒருவரும் இல்லை. கீழே எழுதியிருந்ததை நான் உரக்க வாசித்தேன்: "யாரும் கையால் பிடிக்காமல் குழந்தைகளுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்க உதவும் தாங்கி."

அக்கா கையேட்டைப் பிடுங்கினாள். விளக்குக்குக் கீழே கொண்டுபோனாள்.

"இது எங்க குடை ஸ்டாண்டு" என்றாள்.

"என்னது?"

"எங்க ரூம்ல மூலைல இருக்கே, குடை வைக்கற ஸ்டாண்டு. இதேதான். இந்த வளைஞ்ச தகடு, இந்த இருக்கை. தகட்டு விளிம்புல கைப்பிடியை மாட்டி நடுவுல குடையை இறக்கிடுவோம். நான்தான் வாராவாரம் துடைப்பேன்." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒன்பது வருஷமா நான்தான் துடைப்பேன்."

மாமா சிரிக்க வாயைத் திறந்தார், சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மழை. வேலை நேரத்துக்கு முன்னாலேயே இரண்டு பேரும் போனோம். டெக்னீஷியன் அப்போதுதான் வந்து, நனைந்த குடையை மூலையில் செருகிக்கொண்டிருந்தார். அக்கா கையேட்டை விரித்து அவர் முன்னால் வைத்தாள். அவர் படத்தைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நான் சேரும்போதே அதுல குடைதான் இருந்துச்சும்மா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மனிதரின் கை தானாகப் போய்த் தன் சட்டையிலிருந்த பேட்ஜைத் தொட்டது. தொட்ட கையை எடுக்கவும் இல்லை. எந்தக் காலத்தில் யார் வாங்கினார்களோ, எந்த மழை நாளில் யார் முதல் குடையை அதில் செருகினார்களோ, அடுத்து வந்தவர்கள் எல்லோரும் பார்த்ததை அப்படியே நம்பியிருக்கிறார்கள். நான் ஓரங்களை வெட்டிய மாதிரி.

"நீங்க படிச்சுட்டுத்தானே சார் வந்தீங்க?" என்றாள் அக்கா. குத்திக் காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"படிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. புத்தகத்துல ஒரு மூலைல இருந்திருக்கும். நேர்ல ஒருதரம்கூடக் காட்டினதில்ல." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சட்டென்று எழுந்தார். "கழுவித் துடைச்சு இன்னைக்கே ஆரம்பிச்சுடலாமா?"

"இந்தத் தகட்டை எவ்வளவு இறுக்கணும், எந்த வயசுக்கு எந்த அளவு, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரியாம ஒரு குழந்தையை இதுக்குள்ள வைக்க மாட்டேன்."

எல்லாம் தெரியும் என்று முந்தின நாள் சொன்னவள் அவள்தான். அந்த வார்த்தையை அவளும் நினைத்திருக்க வேண்டும். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். அலமாரியின்மேல் முக்கோண ஸ்பாஞ்சுத் துண்டுகள் இருந்தன. ஒன்றின்மேல் டெக்னீஷியனின் சாப்பாட்டு டப்பா. கதவு ஆடாமல் இருக்க ஒரு மணல் பை அண்டை கொடுத்திருந்தது. சுவரில் தொங்கிய ஒரு பட்டையில் காலண்டரை மாட்டியிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஏதோ புது வீட்டுக்குள் வந்தவள் மாதிரி.

"இதெல்லாம் எதுக்கு சார்?"

அவர் ஸ்பாஞ்சின்மேலிருந்த தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கீழே வைத்தார்.

அதற்குள் கதவைத் தட்டினார்கள். எட்டு மாதக் குழந்தை, மார்புப் படம். அக்கா குழந்தையின் அப்பாவை உள்ளே கூப்பிட்டு ஓர் ஈய அங்கியை மாட்டிவிட்டாள். தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, அலமாரியின் அடியிலிருந்து அந்த விறைத்த கையுறைகளை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பிடித்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னாள். சிவப்பு விளக்கு அணையும்வரை குழந்தை கத்திய கத்தலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது. படம் சரியாக வந்தது என்று டெக்னீஷியன் சொன்னார். அக்காவுக்கும் ஒரு பேட்ஜ் கேட்டு மேலே எழுதப்போவதாகவும் சொன்னார். எலும்பு டாக்டர் பிற்பாடு அவள் கையைப் பார்த்தார். "பார்வைக்கு ஒண்ணும் இல்லம்மா. அளக்காததை நான் என்னன்னு சொல்ல?" என்றார். அதற்கு மேல் இன்றுவரை எங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

அந்தக் குழந்தை போன பிறகு அக்கா கையுறையைக் கழற்றினாள். பையிலிருந்து கடிதத்தை எடுத்து, தோடுகள் வாங்கிவைக்கும் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து எழுதினாள். சேர விருப்பம் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். உண்டு என்பதில் குறி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள். அந்தக் கோணல் சுண்டுவிரல் காகிதத்தில் ஊன்றியிருந்தது.

"திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கேக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நேரம் இருக்கு. ஆனா இந்த ரூம்ல இனிமே எதைத் தொட்டாலும் எனக்குச் சந்தேகமா இருக்குமே, பட்டதாரி."

பிறகு மூலைக்குப் போனாள். தாங்கியில் இருந்த குடைகளை ஒவ்வொன்றாக உருவினாள். டெக்னீஷியனுடையது, எப்போதோ யாரோ விட்டுவிட்டுப் போன மூன்று. நான்கையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, தரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நடுவில் நின்றாள்.

"இதையெல்லாம் இப்ப எங்க சார் வைக்கறது?"

அவருக்கும் தெரியவில்லை. வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார்.